முகீமும் முஸாஃபிரும்: கூட்டம் பெருகும் ஊர்களின் வரலாறு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஓர் ஊரில் நிலையாகத் தங்கியிருப்பவரை ‘முகீம்’ என்றும், அவ்வூரைக் கடந்து செல்பவரை ‘முஸாஃபிர்’ என்றும் நம் ஃபிக்ஹு நூல்கள் அழைக்கின்றன. தொழுகையைச் சுருக்குவது, நோன்பை ஒத்திவைப்பது ஆகிய சட்டங்களைப் படிக்கும்போதுதான் பெரும்பாலும் இச்சொற்கள் நம் காதில் விழுகின்றன. ஆனால் இவ்விருவருக்கும் இடையே தொழுகைக்கு அப்பாலும் ஓர் உறவு இருக்கிறது. அது உரிமையும் கடமையும் கலந்த உறவு. முஸாஃபிர் பத்துப் பேராக இருக்கும்வரை அவ்வுறவு இனிமையானது. அவர் பத்தாயிரம் பேராகப் பெருகும்போது முகீமின் கிணறு வற்றுகிறது, தெரு அடைபடுகிறது, பொறுமை சோதிக்கப்படுகிறது.

கொடுமுடியில் வாழும் நமக்கு இவ்வுறவின் இரு பக்கங்களும் தெரியும். தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் வளைவில் அமைந்தது நம் ஊர். ஆடிப் பதினெட்டு வந்தால் சுற்றுவட்டார மக்கள் ஆற்றங்கரையை நாடி வருகின்றனர். புதுமணத் தம்பதியர் மணமாலைகளை ஆற்றில் விடுகின்றனர். பெண்கள் முளைப்பாரியுடன் படித்துறையில் இறங்குகின்றனர். அந்நாள்களில் ஊர்க்காரர் நாம், விருந்தினர் அவர்கள். ஏப்ரல், மே மாதங்களிலோ காட்சி மாறுகிறது. கொங்குச் சமவெளி வெயிலில் காயும்போது, ஈரோடும் கரூரும் திருப்பூரும் கோவையும் ஒருசேர மேட்டுப்பாளையம் வழியாக உதகை மலையேறுகின்றன. அக்கூட்டத்தில் நம் குடும்பங்களும் உண்டு. அப்போது விருந்தினர் நாம்; ஊர்க்காரர் மலைமக்கள்.

ஓர் ஊரின் மக்கள் பருவந்தோறும் வந்து குவியும் கூட்டத்தை எவ்வாறு தாங்குகின்றனர்? இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. உலகில் மிக நீண்ட காலமாக இதற்கு விடை தேடிவரும் ஊர்களுள் முதன்மையானது நம் கிப்லா அமைந்த ஊர்தான். எனவே மக்காவிலிருந்து தொடங்கி, நமக்கு அருகிலுள்ள உதகைக்கு வருவோம்.

தண்ணீரும் உணவும்: குறைஷியரின் ஏற்பாடு

மக்கா, பயிர் விளையாத பள்ளத்தாக்கு. ஆறில்லை, ஏரியில்லை. ஊராருக்கே தண்ணீர் அரிதாயிருந்த அவ்விடத்திற்கு ஆண்டுதோறும் அரபுக் கோத்திரங்கள் திரண்டு வந்தன. அவர்களைச் சமாளிக்கும் பொறுப்பை ஒரு முறையான அமைப்பாக்கியவர் பெருமானார் (ஸல்) அவர்களின் முன்னோரான குஸய் இப்னு கிலாப். ஹாஜிகள் இறைவனுடைய இல்லத்தின் விருந்தினர், அவர்கள் ஊர் திரும்பும்வரை உணவும் நீரும் வழங்குவது அவ்வில்லத்தின் அண்டை வீட்டாரான குறைஷியரின் கடமை என அவர் எடுத்துரைத்ததாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. குறைஷியர் ஒவ்வோர் ஆண்டும் தம் செல்வத்திலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கினர். அதைக்கொண்டு உணவு சமைக்கப்பட்டது. இதற்கு ‘ரிஃபாதா’ என்று பெயர். தண்ணீர் வழங்கும் பொறுப்புக்கு ‘ஸிகாயா’ என்று பெயர்.

ஸம்ஸம் கிணறு மண்மூடிக் கிடந்த காலத்தில், புறத்தேயிருந்த கிணறுகளிலிருந்து ஒட்டகங்களில் நீர் கொணர்ந்து, கஅபாவின் முற்றத்தில் தோல்தொட்டிகளில் நிரப்பி வைத்தனர். குஸய்யின் பேரரான அம்ர், ரொட்டியைத் துண்டுகளாக நொறுக்கி இறைச்சிச் சாற்றில் இட்டு வழங்கியதால் ‘ஹாஷிம்’, அதாவது நொறுக்குபவர், என்னும் பெயரே அவருக்கு நிலைத்தது. பனூ ஹாஷிம் என்ற குலப்பெயர் விருந்தோம்பலிலிருந்து பிறந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பின்னர் அப்துல் முத்தலிப் ஸம்ஸமை மீண்டும் தோண்டி வெளிப்படுத்தினார். அவருக்குப் பின் ஸிகாயா பொறுப்பு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தது.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. மக்காவாசிகள் கூட்டத்தை வெறும் பொறுமையால் தாங்கவில்லை. தண்ணீருக்கு ஒருவர், உணவுக்கு ஒருவர், கஅபாவின் திறவுகோலுக்கு ஒருவர் எனப் பொறுப்புகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொண்டனர். செலவை ஊரே பகிர்ந்துகொண்டது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது அறியாமைக் காலப் பெருமைகள் பலவற்றை ஒழித்த பெருமானார் (ஸல்) அவர்கள், ஸிகாயாவையும் கஅபாவின் பராமரிப்புப் பணியையும் மட்டும் அவ்வவற்றுக்குரியோரிடமே விட்டுவைத்தார்கள். ஹஜ்ஜின்போது மினாவில் இரவு தங்க வேண்டிய கடமையிலிருந்து அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு விலக்களித்ததும் இத்தண்ணீர்ப் பணிக்காகவே.

ஊரார் வரம்பு மீறியபோது

ஆனால் விருந்தோம்பல் நாளடைவில் வணிகமாக மாறுவதுண்டு. வணிகம் ஆணவமாக மாறுவதும் உண்டு. குறைஷியரிடையே இரண்டும் நிகழ்ந்தன. அவர்கள் தம்மை ‘ஹும்ஸ்’ என்று அழைத்துக்கொண்டு தனிச் சலுகைகளை வகுத்துக்கொண்டனர். மற்றெல்லோரும் அரஃபா வரை சென்று நிற்க வேண்டும். தாங்கள் மட்டும் ஹரம் எல்லைக்குள் இருக்கும் முஸ்தலிஃபாவிலேயே நின்றுவிடலாம் என்றனர். வெளியூரார் தம்முடன் கொண்டுவரும் உணவை ஹரம் எல்லைக்குள் உண்ணலாகாது என்றனர். வெளியூரார் தம் ஆடையுடன் முதல் தவாஃப் செய்யலாகாது; குறைஷியரின் ஆடையைப் பெற்று அணிய வேண்டும்; அது கிடைக்காவிடில் ஆடையின்றியே சுற்ற வேண்டும் என்றனர். இப்னு இஸ்ஹாக்கின் ஸீராவில் இச்செய்திகள் பதிவாகியுள்ளன.

உங்கள் உணவை உள்ளே கொண்டுவரலாகாது, எங்களிடமுள்ளதைத்தான் பெற வேண்டும் என்னும் இவ்விதியைப் படிக்கும்போது, இன்றைய சுற்றுலாத் தலங்களின் நினைவு நமக்கு வருவது இயல்பே. வந்தவருக்கு வேறு வழியில்லை என்பதை உணர்ந்த ஊர், அவ்வழியின்மையையே விலைபேசியது.

இஸ்லாம் இதை உடைத்தது. மக்கள் எங்கிருந்து புறப்படுகிறார்களோ அங்கிருந்தே நீங்களும் புறப்படுங்கள் என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்தில் கட்டளை இறங்கியது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு அபூபக்ர் (ரலி) அவர்கள் தலைமையில் நடந்த ஹஜ்ஜில், இனி ஆடையின்றி எவரும் தவாஃப் செய்யலாகாது என அறிவிக்கப்பட்டது. மறுஆண்டு இறுதி ஹஜ்ஜில், குறைஷியரான பெருமானார் (ஸல்) அவர்கள் குறைஷியரின் எதிர்பார்ப்புக்கு மாறாக முஸ்தலிஃபாவைக் கடந்து சென்று அரஃபாவில் மக்களோடு மக்களாக நின்றார்கள்.

அதே பயணத்தில் ஸிகாயா பந்தலுக்கு வந்து அவர்கள் தண்ணீர் கேட்டபோது, மக்கள் கைவிட்டு அருந்தும் நீர் வேண்டாம், வீட்டிலிருந்து வேறு நீர் கொணரலாம் என எண்ணினார் அப்பாஸ் (ரலி). பெருமானார் (ஸல்) அவர்களோ மக்கள் அருந்தும் அந்நீரையே கேட்டு வாங்கி அருந்தினார்கள். பெருங்கூட்டம் கூடும் இடத்தில் பெரியவருக்கெனத் தனிவழி கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கதவில்லாத வீடுகள்

அல்லாஹ்வின் இல்லத்தில் உள்ளூர்வாசியும் வெளியிலிருந்து வருபவரும் சமமே என்னும் கருத்து அல்ஹஜ் அத்தியாயத்தின் 25ஆம் வசனத்தில் வருகிறது. இதனைப் பள்ளிவாசலுக்கு மட்டும் பொருத்துவதா, அல்லது மக்காவின் வீடுகளுக்கும் பொருத்துவதா என்ற விவாதம் ஆரம்ப காலத்திலேயே எழுந்தது.

உமர் (ரலி) அவர்கள், ஹாஜிகள் முற்றங்களில் தங்குவதற்குத் தடையாயிருக்கும் என்பதால் மக்காவின் வீட்டு முற்றங்களுக்குக் கதவு வைக்க வேண்டாமெனத் தடுத்தார்கள் என்றொரு செய்தி உண்டு. முதன்முதலில் கதவு வைத்தவர் சுஹைல் இப்னு அம்ர் (ரலி). உமர் (ரலி) அவர்கள் விளக்கம் கேட்டபோது, தாம் ஒரு வணிகர் என்றும், தம் வாகனப் பிராணிகள் வெளியேறிவிடாமல் காக்கவே கதவு வைத்ததாகவும் அவர் கூறினார். அக்காரணம் ஏற்கப்பட்டது. இச்செய்தியை இப்னு கதீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் எடுத்தாண்டுள்ளார்.

இதிலிருந்து சட்டக் கருத்துகள் கிளைத்தன. மக்காவின் வீடுகளை உடைமையாக்கிக்கொள்ளலாம், வாடகைக்கும் விடலாம் என்றார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). உடைமையாக்கலாம், வாரிசுரிமையும் உண்டு, ஆனால் வாடகைக்கு விடலாகாது என்னும் நடுநிலைக் கருத்து இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களுடையது. கொங்கு நாட்டில் நம்மில் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், ஹஜ் பருவத்தில் மக்கா வீடுகளை வாடகைக்கு விடுவதை வெறுத்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. பருவம் என்னும் சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். சாதாரண நாளில் ஆகுமானதொன்று, கூட்டம் நெருக்கும் நாளில் வெறுக்கத்தக்கதாகலாம். தேவை முற்றும்போது விலையை ஏற்றுவது வணிகத் திறமை என உலகம் கருதும். நம் இமாம்கள் அங்கேதான் தயங்கி நின்றார்கள்.

ஊர்க்காரருக்குக் கடமை சொன்ன அதே உமர் (ரலி) அவர்கள் விருந்தினருக்கும் வரம்பு சொன்னார்கள். ஹஜ் கடமைகள் முடிந்ததும் ஹாஜிகளிடையே சென்று, யமன் நாட்டார் யமனுக்கும், ஷாம் நாட்டார் ஷாமுக்கும், இராக் நாட்டார் இராக்குக்கும் திரும்புமாறு ஏவுவார்கள் என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் குறிப்பிடுகிறார்கள். நெடுநாள் தங்கிப் பழகிவிட்டால் அவ்வில்லத்தின் கண்ணியம் உள்ளத்தில் குறைந்துவிடும் என்ற அச்சத்தை அவர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். எந்த இடமானாலும் காணக் காண மதிப்புக் குறைவது மனித இயல்பு.

பிற்காலத்தில் கூட்டம் மேலும் பெருகியபோது, கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா (ரஹ்) அவர்கள் தொலைவிலிருந்த ஊற்றுகளிலிருந்து மக்காவுக்குக் கால்வாய் அமைத்தார்கள். ஹிஜ்ரி 216இல் (பொது ஆண்டு 831) அவர்கள் மறைந்தார்கள். ஆனால் ‘ஐன் ஸுபைதா’ என்ற அந்நீர்வழி, பலமுறை செப்பனிடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் மக்காவாசிக்கும் ஹாஜிக்கும் சேர்த்தே நீரளித்தது. விருந்தினருக்கென வெட்டிய கால்வாய் ஊராரின் தாகத்தையும் தீர்த்தது என்பதே அதன் சிறப்பு.

உதகை: விருந்தினருக்காகவே எழுந்த நகரம்

இனி நம் மலைக்கு வருவோம். நீலகிரி மாவட்டம் 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் ஒரு குழுவுடன் மலையேறிக் கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியை அடைந்தார். சமவெளி வெப்பத்தில் வாடிய ஆங்கிலேயருக்கு அம்மலையின் குளிர் பெருவியப்பாக இருந்தது. சில ஆண்டுகளில் சல்லிவன் உதகையில் ‘ஸ்டோன் ஹவுஸ்’ என்னும் கல்வீட்டைக் கட்டினார். ஓடைகளுக்கு அணையிட்டு ஏரியை உருவாக்கினார். அக்கல்வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது.

அம்மலை அதற்குமுன் ஆளற்றுக் கிடக்கவில்லை. தோடர்கள் மந்துகளில் வாழ்ந்து எருமைகளை மேய்த்தனர். கோத்தர்கள் இரும்புப் பணியும் மண்பாண்டத் தொழிலும் செய்தனர். படகர்கள் உழுதனர். குறும்பரும் இருளரும் காட்டுச் சரிவுகளில் வாழ்ந்தனர். மேய்ச்சல் நிலம் தோடர்களுக்கே உரியது என்று சல்லிவன் வாதிட்டார். சென்னை ஆளுநராயிருந்த லஷிங்டனுடன் இதனால் அவருக்கு முரண்பாடும் ஏற்பட்டது. வந்து குடியேறியவரே வந்தவரின் வரம்பைப் பற்றிப் பேசினார் என்பது வரலாற்றில் குறிக்கத்தக்க செய்தி. ஆயினும் நகரம் வளர்ந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதகை சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரமாயிற்று. வெயில் தொடங்கியதும் ஆளுநரும் அதிகாரிகளும் கோப்புகளோடு மலையேறினர். 1873இல் இருப்புப்பாதை மேட்டுப்பாளையம் வரை வந்தது. 1899இல் மலை இரயில் குன்னூரை எட்டியது. 1908இல் உதகையை அடைந்தது. தாவரவியல் பூங்காவில் 1896 முதல் மலர்க்காட்சி நடந்துவருகிறது. அதே பூங்காவின் மேற்புறத்தில் ஒரு தோடர் மந்து இன்றும் இருக்கிறது. பூக்களைக் காணவரும் கூட்டத்தில் சிலர், பூக்களைக் காண்பதுபோலவே அம்மக்களின் வீடுகளையும் கண்டு செல்கின்றனர்.

மக்காவுக்கும் உதகைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மக்காவில் ஊரார் விருந்தினரை அழைத்தனர். அவர்களுக்கான ஏற்பாட்டைத் தாமே வகுத்தனர். உதகையிலோ விருந்தினர் தமக்காக ஒரு நகரத்தை எழுப்பிக்கொண்டனர். அம்மலையின் ஆதி மக்கள் அதன் ஓரத்திற்குத் தள்ளப்பட்டனர். சல்லிவன் அமைத்த ஏரியின் பரப்பு ஒரு காலத்தில் இன்றைக்குள்ளதைவிட மிகப் பெரிது. குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் அமைந்த இடங்கள் அந்த ஏரியின் பகுதியாயிருந்தவை. விருந்தினர் வந்திறங்கும் இடம் ஊரின் நீர்நிலையை உண்டு எழுந்தது.

இன்றைய கோடை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உதகை நகராட்சியில் 88,430 பேர் வாழ்ந்தனர். கோடைப் பருவத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாக 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசு தெரிவித்தது. வாகனத்திற்கு நான்கு பேர் என்று கொண்டாலே, நகரின் மக்கள்தொகைக்கு நிகரான கூட்டம் ஒரே நாளில் மலையேறுகிறது என்பது விளங்கும்.

இக்கூட்டத்தை ஊரார் எவ்வாறு தாங்குகின்றனர்? காவல்துறை பருவகாலத்தில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதையை நடைமுறைப்படுத்துகிறது. நகருக்கு வெளியே வாகனங்களை நிறுத்திவிட்டுச் சுற்றுப் பேருந்துகளில் பயணம் செய்யும் ஏற்பாடும் உண்டு. ஞெகிழிப் பொருள்களுக்குத் தடை விதிப்பதில் நீலகிரி மாவட்டம், தமிழ்நாடு முழுதும் 2019இல் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே முன்னோடியாக நின்றது. இவை அரசின் ஏற்பாடுகள். குடும்பங்களின் ஏற்பாடுகள் வேறு. கடைவீதி வேலைகளை விடியலிலேயே முடித்துக்கொள்கின்றனர். வாரயிறுதியில் வீட்டைவிட்டு வெளியேறுவதைத் தவிர்க்கின்றனர். திருமணங்களையும் மருத்துவப் பயணங்களையும் பருவத்திற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ள முயல்கின்றனர். மருத்துவ ஊர்தி ஒன்று மலைவளைவில் சிக்கிக்கொண்டால், அதற்குள் இருப்பது ஊர்க்காரரின் தாயோ தந்தையோதான்.

மறுபுறம், அதே ஊராரின் அடுப்பு எரிவதும் இக்கூட்டத்தால்தான். விடுதித் தொழிலாளர், வாடகைக் கார் ஓட்டுநர், வர்க்கி சுடுபவர், தைலமும் தேயிலையும் விற்பவர், கேரட் விற்கும் விவசாயி ஆகியோருக்கு அவ்விரண்டு மாத வருவாயே ஆண்டின் பெரும்பகுதிக்கு ஆதாரம். ஆகவே ஊரார் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, கூட்டத்தால் வாழ்பவரும் கூட்டத்தால் வாடுபவரும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் இருக்கின்றனர்.

2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டுமென உத்தரவிட்டது. அவ்வாண்டில் எண்ணிக்கை வரம்பு இல்லை, பதிவு மட்டுமே. 2025 மார்ச்சில் வரம்பும் வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வாரயிறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்கள். உள்ளூர் வாகனங்களுக்கும், அரசுப் பேருந்து, இரயில் ஆகிய பொதுப் போக்குவரத்துக்கும் இக்கட்டுப்பாடு இல்லை. மலை எவ்வளவு தாங்கும் என்பதை ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.இடமும் ஒப்படைக்கப்பட்டது. வரம்பு நடைமுறைக்கு வந்த மறுநாள், ஏப்ரல் 2 அன்று, நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தி எதிர்ப்பைத் தெரிவித்தனர்.

வரம்பு அநீதியா?

அவ்வணிகர்களின் கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. உழைத்து உண்பவரின் வருவாயைக் குறைக்கும் எந்த ஏற்பாடும் அவர்களுக்கு மாற்று வழியையும் காட்ட வேண்டும். ஆயினும், ‘ஊருக்குள் வருபவரை எண்ணி அனுமதிப்பதா?’ என்று கேட்போருக்கு மக்காவே விடை சொல்கிறது.

உலக முஸ்லிம்கள் ஒவ்வொருவரும் செல்ல விரும்பும் அவ்வூருக்கு, இஸ்லாமிய நாடுகள் அமைப்பு எடுத்த முடிவின்படி, ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்னும் அளவில் ஹாஜிகளின் எண்ணிக்கை நாடுதோறும் வரையறுக்கப்பட்டது. 2025இல் இந்தியாவுக்குக் கிடைத்த இடங்கள் 1,75,025. மதீனாவில் ரவ்ளாவில் தொழவும் இன்று ‘நுஸுக்’ செயலியில் நேரம் பதிய வேண்டியிருக்கிறது. 2024 ஹஜ்ஜில் கடும் வெப்பத்தால் 1,301 பேர் மரணமடைந்தனர். அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றிச் சென்றவர்கள் என்றும், நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் மன்னிப்பளிப்பானாக. வரம்பு என்பது கதவை அடைப்பதற்கன்று. உள்ளே வருபவருக்கு நீரும் நிழலும் உறுதியாகக் கிடைப்பதற்கு என்பதை அந்தத் துயரம் நமக்கு உணர்த்துகிறது.

இத்தாலியின் வெனிஸ் நகரமும் 2024 ஏப்ரல் 25 முதல், நெரிசல் மிக்க நாள்களில் ஒரு நாள் பயணமாக வருவோரிடம் 5 யூரோ கட்டணம் பெறத் தொடங்கியது. அதனால் கூட்டம் குறைந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நம் நோக்கில் ஒன்றைச் சொல்லலாம்: கட்டணம் செல்வரைத் தடுப்பதில்லை; எளியவரையே தடுக்கிறது. எண்ணிக்கை வரம்போ செல்வருக்கும் எளியவருக்கும் ஒன்றே. பேருந்துக்கும் இரயிலுக்கும் விலக்களித்த ஏற்பாடு, சொந்தக் கார் இல்லாத குடும்பத்திற்கு மலைவழியைத் திறந்தே வைத்திருக்கிறது.

விருந்தினரின் கடமைகள்

கூட்டத்தில் ஒருவராகச் செல்லும்போது எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்கு நபிவழியில் நேரடியான வழிகாட்டுதல்கள் உள்ளன. அவற்றுள் சிலவற்றின் கருத்தை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம்.

ஒரு படைப் பயணத்தில் மக்கள் தங்குமிடங்களை நெருக்கிப் பாதையையும் அடைத்துக்கொண்டனர். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பி, பிறர் தங்குமிடத்தை நெருக்குபவருக்கும் பாதையை அடைப்பவருக்கும் ஜிஹாதின் நற்பேறு இல்லை என அறிவிக்கச் செய்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அறப்போருக்கே இக்கட்டுப்பாடு என்றால், இன்பச் சுற்றுலாவில் மலைவளைவில் காரை நிறுத்திப் படம் எடுப்பவரின் நிலை என்ன?

அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை விரட்டும் பேரொலி எழுந்தது. அமைதியைக் கடைப்பிடிக்குமாறும், நன்மை விரைந்தோட்டுவதில் இல்லை என்றும் அவர்கள் உணர்த்தினார்கள். இச்செய்தி புகாரியில் உள்ளது. மலைப்பாதையில் ஓயாமல் ஒலிப்பான் அழுத்துவோருக்கு இது போதும்.

விருந்து மூன்று நாள். விருந்தளிப்பவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்குவது ஆகாது என்பதும் நபிமொழியே. ஒருவருடைய இடத்தில் அவர் அனுமதியின்றி இமாமாக நிற்கவோ, அவருக்குரிய இருக்கையில் அமரவோ கூடாது என்றும் வந்துள்ளது. அறிவில் மூத்தவராயினும் முஸாஃபிர் முகீமின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். அப்படியிருக்க, ஒருவர் வீட்டுத் திண்ணையிலும் தேயிலைத் தோட்டத்திலும் கேளாமல் நுழைவது எவ்வாறு தகும்? மக்கள் நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும், நீர்த்துறையிலும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரிய செயல் என்ற எச்சரிக்கை மலைக்கும் பொருந்தும். நம் காவிரிப் படித்துறைக்கும் பொருந்தும்.

ஓடும் ஆற்றங்கரையிலும் உளூவில் நீரை வீணாக்கலாகாது என்று நாம் மக்தபில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கோடையில் மலைநகரின் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு ஒதுங்கும்போது அப்பாடம் நினைவில் இருக்கட்டும். அங்கே நாம் திறந்துவிடும் குழாய், அம்மஹல்லாவாசிகள் ஒரு வாரத்திற்குச் சேமித்து வைத்த நீராக இருக்கலாம்.

இவற்றோடு நடைமுறையில் சிலவற்றைக் குடும்பங்கள் முடிவு செய்துகொள்ளலாம். முடிந்தவரை பேருந்திலோ இரயிலிலோ செல்லலாம். இ-பாஸ் கிடைக்காத நாளில் குறுக்கு வழி தேடாமல் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம். மே மாதத்தின் நெரிசலைத் தவிர்த்து வேறு விடுமுறையில் செல்லலாம். அது ஊராருக்கும் ஆண்டு முழுவதும் வருவாய் கிடைக்க உதவும். உணவை உடன் கொண்டுசென்றால் குப்பையையும் உடன் கொண்டுவரலாம். சிறு வியாபாரியிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடாமலிருக்கலாம். மறுபுறம், ஆடியில் நம் ஊருக்கு வரும் சகோதர சமயத்தாருக்கு ஒரு குடம் தண்ணீரும் சிறிது நிழலும் தருவது ஸிகாயாவின் வழிவந்த நற்செயலே. அந்நாள்களில் பொருள்களின் விலையை ஏற்றாதிருப்பது நம் வணிகர்களின் மார்க்கப் பற்றுக்கு ஓர் உரைகல்.

இறைவனுக்குச் செய்யும் கடமையில் குறை நேர்ந்தால் அவனிடம் தவ்பா செய்யலாம். அடியாரின் உரிமையில் குறை வைத்தால் அவ்வடியாரே மன்னிக்க வேண்டும். ஒரு நாள் சென்று திரும்பிய மலையில் நாம் யாருடைய பாதையை அடைத்தோம், யாருடைய நீரைக் கலக்கினோம் என்பது நமக்குத் தெரியாது. அவர்களைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. ஆகவே இத்தகைய கடனைப் படாமல் திரும்புவதே அறிவுடைமை.

முஸாஃபிராகச் செல்லும்போது ஊராரின் உரிமையைப் பேணவும், முகீமாக இருக்கும்போது வந்தவரின் தேவையை உணரவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.